இரண்டாவது படிக்கட்டு

ஓவிய வாத்தியாரின் தலையில் பள்ளியின் பாதுகாப்பைக் கட்டியதற்கு ஒரே காரணம், அவரிடம் பெயிண்ட் இருந்தது.

பொதுப் பள்ளிகளை எல்லாம் பாதுகாப்பானவையாக மாற்றுவது என்று அரசாங்கம் முடிவு செய்திருந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் பாதுகாப்புப் பொறுப்பாளராக இருக்க வேண்டும், வெளியேறும் வழியைக் காட்டச் சுவர்களில் அம்புக்குறி வரைய வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. தலைமை ஆசிரியை அதை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். கணக்கு வாத்தியார் ஜன்னல் வழியாக வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். விளையாட்டு வாத்தியாருக்கு அந்த நேரம் பார்த்து முட்டி வலித்தது. ஓவிய வாத்தியார் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார். இந்த மாதிரிக் கூட்டங்களில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று தெரியாத வயது அவருக்கு.

"அம்பு யார் போடறாங்களோ, அவங்களே மத்ததையும் பாத்துக்கட்டுமே," என்றார் கணக்கு வாத்தியார், வானத்திலிருந்து இறங்காமலே.

ஒரு வாரத்தில் பள்ளி முழுக்க பச்சை அம்புகள் முளைத்தன. வகுப்பறைக்குள், வராந்தாவில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே என்று வரைந்து தள்ளினார். வரைந்த வேகத்தில் ஓர் அம்பு கழிப்பறையைக் காட்டியது. அதற்குத்தான் பிள்ளைகளிடம் நல்ல வரவேற்பு. அன்றிலிருந்து அவர் பெயர் அம்பு சார்.

அரசாங்கம் அம்போடு நிறுத்தவில்லை. ஒரு சிவப்பு சிலிண்டரும் அனுப்பியது. தீப்பிடித்தால் உதவும் அந்தப் பொருளை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று தலைமை ஆசிரியை அதைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பள்ளிக்குத் தீப்பிடிக்க வேண்டுமென்றால் அவர் விடுப்பு எடுக்காத நாளாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு கேமராவும் வந்தது. அது வாசலைப் பார்த்தது. வாசலில் அது இருப்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். அதற்குமேல் இரு தரப்புக்கும் வேலை இல்லை.

உண்மையில் அந்தப் பள்ளிக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பொருள்தான்: இன்னொரு படிக்கட்டு. மாடியில் மூன்று வகுப்புகள். கீழே வர ஒரே வழி. அதில் இரண்டு பிள்ளைகள் பையோடு பக்கத்துப் பக்கத்தில் இறங்கினால் மூன்றாவது பிள்ளை காத்திருக்க வேண்டும். மாடியின் கடைசி அறை ஐந்தாம் வகுப்பு. அந்த அறைக்குப் பின்பக்கம், கட்டடத்துக்கு வெளியே, ஓர் இரும்புப் படிக்கட்டு போட்டால் போதும். பள்ளி அதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தது.

"உன் அம்பு எல்லாம் சரிடா," என்றாள் அம்பு சாரின் அக்கா ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே. "என் பொண்ணு அந்தக் கடைசி ரூம்லதான் உக்காந்திருக்கா. படிக்கிட்ட தீ புடிச்சா அவ எந்த அம்பப் பாத்து வருவா?"

"அதுக்குத்தான்க்கா இன்னொரு படி கேட்டிருக்கோம்."

"எப்பலேருந்து?"

"நான் வேலைல சேர்றதுக்கு முன்னாடியே கேட்டிருக்காங்க. அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும் கேட்டிருக்காங்க."

"அப்ப அது கோரிக்கை இல்லடா. பரம்பரைச் சொத்து."

அக்காவின் மகள் அப்போது சோபாவின் முதுகில் குதிரை ஏறியிருந்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அவள் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை. நாற்காலியின் மேல், கீழ், பின்னால் பார்த்திருக்கிறார்கள். பள்ளியில் அவள் வேறு யாரோ பெற்ற பிள்ளை. இழுத்துக் கட்டிய இரட்டைச் சடை, மேஜைமேல் மடித்த கை. வராந்தாவில் எதிர்ப்பட்டால் மாமாவைப் பார்த்து "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டுப் போவாள், முன்பின் அறியாதவரைப் போல.

அதற்குக் காரணம் டஸ்டர்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் அதட்டி யாரும் கேட்டதில்லை. வகுப்பை விட்டு வெளியே போக வேண்டி வந்தால், கரும்பலகை அழிக்கும் டஸ்டரை எடுத்து மேஜை நடுவில் நெட்டுக்குத்தாக நிறுத்திவிட்டுப் போவார். அவ்வளவுதான். அவர் திரும்பி வந்து அதைப் படுக்க வைக்கும் வரை ஒரு பிள்ளை எழாது, பேசாது. தும்மல் வந்தால்கூட டஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் தும்மும். அமைதியான வகுப்புக்கான கோப்பை இரண்டு வருஷமாக அந்த அறை அலமாரியில்தான் இருந்தது. மற்ற வகுப்பு ஆசிரியர்கள் அந்த வராந்தாவைக் கடக்கும்போது தாங்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. பள்ளிகளில் தீ ஒத்திகை நடக்கும். நீண்ட மணி அடித்ததும் எல்லாரும் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். ஒத்திகையில் தேறும் பள்ளிகளுக்கு, தேவைப்பட்டால், கூடுதல் படிக்கட்டு கட்டித் தரப்படும். தேறாத பள்ளிகளுக்குச் சுவரொட்டி.

அம்பு சார் அதை இரண்டு முறை படித்தார். "மேடம், இதுல ஏதோ தலைகீழா இருக்கே. படிக்கட்டு இல்லாத ஸ்கூல்தானே தேறாது?"

"அரசாங்கம் ஊக்கப்படுத்துது சார்," என்றார் தலைமை ஆசிரியை. "நீங்க அதெல்லாம் யோசிக்காதீங்க. படிக்கட்டு வேணுமா வேண்டாமா?"

வேண்டும். ராத்திரி படுத்தால் அவருக்கு அந்தக் கடைசி அறைதான் கண்ணுக்குள் நின்றது. எனவே ஒத்திகைக்கு ஒத்திகை நடந்தது. டீச்சர்கள் முன்னால் நடக்க, பிள்ளைகள் வாத்துக்குஞ்சுகள் மாதிரி பின்னால் இறங்கினார்கள். ஐந்தாம் வகுப்புதான் எல்லாரையும் விட நேர்த்தி. டீச்சர் டஸ்டரைப் படுக்க வைப்பார், நடப்பார். வகுப்பு முழுவதும் சத்தமில்லாமல் பின்னால் வரும். விளையாட்டு வாத்தியார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒத்திகை நாளும் வந்தது. ஐந்தாம் வகுப்பு டீச்சரை அன்று காலை கல்வி அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பாதுகாப்புப் பயிற்சிக்கு. அவர் வருகைப் பதிவை முடித்து, பிள்ளைகளுக்கு எழுத வேலை கொடுத்து, டஸ்டரை நிறுத்திவிட்டுக் கிளம்பினார். "அடுத்த பீரியட்லேருந்து அம்பு சார் வந்து பாத்துப்பார்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அம்பு சாரும் தலையை ஆட்டினார். ஆட்டிய தலைக்குள் அப்போது மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, மைக் வேலை செய்கிறதா என்பது, அதிகாரிக்கு நிழலில் நாற்காலி என்று ஒரு கல்யாண வீடே நடந்துகொண்டிருந்தது.

ஆய்வு அதிகாரி, நடு வயது அம்மா, வெயிலில் வந்து இறங்கினார். காலையிலிருந்து இது அவருக்கு எத்தனையாவது பள்ளியோ. செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது. கையில் ஸ்டாப் வாட்ச்.

"ஆரம்பிக்கலாமா சார்?"

பியூன் மணியை அடிக்க ஆரம்பித்தார். நிறுத்தச் சொல்லும் வரை அடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. கீழ் வகுப்புகள் வந்தன. மாடியிலிருந்து வரிசை இறங்கியது. படிக்கட்டில் நெரிசல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. அம்பு சாருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வோர் ஆசிரியரும் தன் வகுப்பை எண்ணிக் கையைத் தூக்கினார். வந்த ஆசிரியர்கள் எல்லாரும் தூக்கினார்கள்.

"பிரமாதம்," என்றார் அதிகாரி, வாட்சைக் காட்டி. "இந்த ஏரியால இவ்வளவு சீக்கிரம் யாரும் இறங்கல. இவ்வளவு குறுகலான படில எப்படி சார்?"

தலைமை ஆசிரியையின் முகம் மலர்ந்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லத் திரும்பிய அம்பு சார், தற்செயலாக மாடியைப் பார்த்தார்.

கடைசி அறை ஜன்னலில் ஓர் இரட்டைச் சடை தெரிந்தது.

படியில் ஏன் நெரிசல் இல்லை என்பது அவருக்கு இப்போது புரிந்தது. மூன்று வகுப்பு இறங்க வேண்டிய படியில் இரண்டுதான் இறங்கியிருக்கிறது. எண்ணிக் கையைத் தூக்க வேண்டிய ஐந்தாம் வகுப்பு ஆசிரியர், இன்றைக்கு, அவரேதான்.

பேனா காகிதத்தைத் தொடவில்லை. அதிகாரி மேலே தேதி எழுத இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தச் சின்ன இடைவெளியில் அம்பு சாரின் மூளை, சம்பளம் வாங்கிக்கொண்டு இதுவரை செய்யாத வேலையைச் செய்தது. பேசாமல் இருந்தால் என்ன ஆகும்? கையெழுத்து விழும். படிக்கட்டு வரும். அதிகாரி போனதும் மேலே போய்க் காதும் காதும் வைத்த மாதிரி பிள்ளைகளை இறக்கிவிடலாம். இப்போது தீயும் இல்லை, புகையும் இல்லை. நாளைக்கு நிஜமாகவே தீப்பிடித்தால் அந்தப் படிக்கட்டுதான் அவர்களைக் காப்பாற்றப் போகிறது. ஆக, பிள்ளைகளுக்காகத்தான் வாயை மூடிக்கொள்கிறோம். கணக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் சரியாக வந்தது. அதுதான் அவரை உறுத்தியது. அவருக்குக் கணக்கு எப்போதும் சரியாக வந்ததில்லை.

மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார். மணி அவள் காதிலும்தான் விழுகிறது. எழுந்திருக்காத பிள்ளைக்கு ஒரு படிக்கட்டு இருந்தால் என்ன, ஒன்பது இருந்தால் என்ன?

"மேடம்," என்றார். "கையெழுத்து போட்டுடாதீங்க. ஒரு வகுப்பு இன்னும் மேலதான் இருக்கு."

தலைமை ஆசிரியை அவரைப் பார்த்த பார்வையில் பச்சை பெயிண்ட் உரிந்திருக்கும்.

மேலே போனார்கள். ஐந்தாம் வகுப்பு கை கட்டி உட்கார்ந்திருந்தது. மேஜைமேல் டஸ்டர் நின்றுகொண்டிருந்தது. அதிகாரியைப் பார்த்ததும் வகுப்பு முழுவதும் ஒரே குரலில், யாரும் எழாமல், "வணக்கம் மேடம்" என்றது. சில பிள்ளைகளின் கண்கள் கலங்கியிருந்தன. ஒருவன் பையை மடியில் தயாராக வைத்திருந்தான். எழவில்லை, அவ்வளவுதான்.

அதிகாரி ஜன்னலோரம் இருந்த வாலுவிடம் குனிந்தார். "மணி கேக்கலையாம்மா?"

"கேக்குது மேடம்."

"எதுக்கு அடிக்கிறாங்கன்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். தீ புடிச்சா அடிப்பாங்க."

"அப்ப ஏன் கண்ணு இறங்கல?"

அவள் மாமாவைப் பார்த்தாள். அப்புறம் மேஜையைப் பார்த்தாள். "டஸ்டர் நிக்குது மேடம்."

கீழே பியூன் இன்னும் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தார். அம்பு சார் போய் டஸ்டரைப் படுக்க வைத்தார். வகுப்பு எழுந்தது, வரிசையாக, அழகாக.

படியில் இறங்கும்போது அதிகாரி நின்றார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் போட்டிருப்பேன் சார்."

"தெரியும் மேடம்."

"ஆறு மாசம் கழிச்சுத்தான் அடுத்த ஒத்திகை. அதுவரைக்கும் என்னால சுவரொட்டிதான் தர முடியும்." அவர் குரலில் வருத்தம் இருந்தது. "பெரிய சைஸா பாத்துத் தரேன்."

அவர் போனதும் தலைமை ஆசிரியை அறைக் கதவைச் சாத்தினார். "ஒரு பத்து நிமிஷம் வாய மூடிட்டு உக்காந்திருக்க முடியாதா சார் உங்களால?"

"மேல புள்ளைங்களும் அதத்தான் மேடம் பண்ணிட்டிருந்தாங்க."

தலைமை ஆசிரியை, ஏனோ, கைப்பையைத் திறந்து பீரோ சாவியை எடுத்து, பியூனைக் கூப்பிட்டு, அந்தச் சிவப்பு சிலிண்டரை வராந்தாவில் மாட்டச் சொன்னார்.

வீட்டில் அக்கா கேட்டாள். "படி போச்சா?"

"போச்சுக்கா."

அக்கா மகளைப் பார்த்தாள். அவள் மேஜைக்கு அடியில் தலைகீழாக இருந்தாள். "வீட்டுல இவள உக்கார வெக்க முடியல. உங்க ஸ்கூல்ல எழுப்ப முடியல. நானும் உங்க டீச்சரும் ஆளுக்குப் பாதி மாத்திக்கலாம் போலிருக்கு." சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். ஆனால் மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள். "படி எப்ப வேணா வரட்டும்டா. இவ மொதல்ல எழுந்திரிக்கட்டும்."

மறுநாள் அம்பு சார் ஐந்தாம் வகுப்புக்குப் போய்ப் புதுச் சட்டத்தை அறிவித்தார். நீண்ட மணி அடித்தால் யாரையும் கேட்க வேண்டாம், யார் உட்காரச் சொன்னாலும் உட்கார வேண்டாம், இறங்க வேண்டியதுதான். சோதித்துப் பார்க்க டஸ்டரை நிறுத்தி, வாசலை மறித்து நின்று, பியூனுக்குச் சைகை காட்டினார். மணி அடித்தது. "எல்லாரும் உக்காருங்க," என்று அதட்டினார்.

அறை காலியாகிவிட்டது. அவரை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. வாலு படிக்கட்டு முனையில் காத்திருந்து, சுற்றுமுற்றும் பார்த்து, பள்ளி வளாகத்துக்குள் முதன்முறையாக அவரை அப்படிக் கூப்பிட்டாள். "மாமா."

"என்னடா?"

"இது செல்லாது. நீ உக்காரச் சொன்னா எந்தக் கிளாஸ்லயும் யாரும் உக்கார மாட்டாங்க. டீச்சர் சொல்லணும்."

ஐந்தாம் வகுப்பு டீச்சர் பயிற்சியிலிருந்து ஒரு சான்றிதழும் ஒரு துணிப்பையும் வாங்கி வந்திருந்தார். நடந்ததை அதற்குள் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருந்தார்கள். அம்பு சார் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் வெகுநேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கிளாஸுக்குப் போக மறந்தது நீங்க. டஸ்டர நான் மாத்தணுமா சார்?"

"மறந்தது நான்தான் டீச்சர். அதுக்கு என்ன வேணா திட்டுங்க. ஆனா நாளைக்கும் எவனாவது மறப்பான்."

"அந்த டஸ்டர் எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் டீச்சர். "நான் வந்த புதுசு. ஆபீஸ்ல ஒரு கையெழுத்துப் போட இறங்கினேன். திரும்பி வந்தா, ஒருத்தன் வராந்தா கைப்பிடிச் சுவர் மேல ஏறி நின்னு கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல ஆடறான். கத்தினா விழுந்துடுவானோன்னு கத்தக்கூட இல்ல. மெதுவா போய் இடுப்பப் புடிச்சு இறக்கினேன். மறுநாள்லேருந்து டஸ்டர நிறுத்த ஆரம்பிச்சேன். கோப்பைக்காக இல்ல சார்."

அது வரை அந்த டஸ்டரை அம்பு சார் ஒரு வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தார். அவர் சுவரில் வரைந்த அத்தனை அம்புகளையும் விட, அது ஒரு பிள்ளையையாவது கீழே விழாமல் வைத்திருந்திருக்கும்.

"டஸ்டர எடுக்க வேண்டாம் டீச்சர்," என்றார் கடைசியில். "அது இருக்கட்டும். மணிக்கு மட்டும் அது கொஞ்சம் வழி விடணும். அத நீங்க முன்னாடி நின்னு காட்டினாதான் நம்புவாங்க."

"நானே உக்காரச் சொல்லணும். அவங்க என்ன மதிக்காம போகணும். நான் அத நின்னு பாக்கணும்."

"ஆமா டீச்சர்."

"நல்லா இருக்கு," என்றார் டீச்சர். பையை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

முதல் தடவை மணி அடித்தபோது டீச்சர் டஸ்டரை நிறுத்தி, வாசலில் நின்று, எப்போதும் போல மெல்லச் சொன்னார்: "உக்காருங்க." மொத்த வகுப்பும் உட்கார்ந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை கடைசி வரிசையில் ஒருவன் பாதி எழுந்து, டீச்சரின் கண்ணைப் பார்த்துவிட்டு, ஏதோ பென்சில் தேடுவது போலக் குனிந்து உட்கார்ந்தான். அம்பு சார் வராந்தாவில் நின்று தன் அம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியான திசையைத்தான் காட்டின.

நான்காம் தடவை மணி அடித்தது.

"உக்காருங்க," என்றார் டீச்சர்.

ஜன்னலோரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. வாலு எழுந்து நின்றாள். வீட்டில் சோபா மேலிருந்து குதிக்கிற பிள்ளை, இங்கே மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. நடக்க ஆரம்பித்தாள். டஸ்டரைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் டீச்சர் நகரவில்லை.

"எங்க போற?"

"மணி அடிக்குது டீச்சர்." குரல் உடைந்து வந்தது. "வழி விடுங்க."

டீச்சர் ஒதுங்கினார். முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும், இன்னும் கண்டிப்பாக, "மத்தவங்க உக்காருங்க," என்றார். பென்சில் தேடியவன் எழுந்தான். அவனுக்குப் பின்னால் இருவர். பிறகு வகுப்பே எழுந்தது, முட்டி மோதிக்கொண்டு, வரிசை இல்லாமல், அழகில்லாமல், அந்த வராந்தா இரண்டு வருஷமாகக் கேட்டறியாத சத்தத்தோடு. அந்தக் குறுகலான படியில் நெரிசலும் ஆனது. மூன்று பேர் மாட்டிக்கொள்ள, நாலாவது ஆள் பின்னாலிருந்து திட்டினான். இரண்டாவது படிக்கட்டு ஏன் வேண்டும் என்பது இப்போது யார் பார்த்தாலும் தெரியும். அம்பு சார் அவர்களுக்குப் பின்னாலேயே இறங்கி ஓடி, ஒவ்வொருவராக எண்ணிக் கையைத் தூக்கினார்.

தூக்கிய கையோடு மேலே பார்த்தார். வாலுவும் பார்த்தாள்.

"சார், டீச்சர் இன்னும் மேலதான் இருக்காங்க," என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள், படிக்கட்டின் கீழே நின்றவர்களின் நடுவே நுழைந்து பாதிப் படி வரை ஏறி, வீட்டில் அம்மாவைக் கூப்பிடும் அதே தொண்டையில் கத்தினாள். "டீச்சர். மணி அடிக்குது. இறங்குங்க."

டீச்சர் இறங்கி வந்தார்.

மேலே, ஆளில்லாத அறையில், டஸ்டர் நிமிர்ந்து நின்று ஒழுங்கைக் காத்துக்கொண்டிருந்தது.